கப்பல்வண்டு

சிப்பித்துறையில் கண் பூத்துப்போவது என்றால் கண் பூத்துப்போவதுதான். மற்ற ஊர்களில் அது வெறும் பேச்சு. பஸ் கொஞ்சம் தாமதமானால்கூட, நின்று நின்று கண் பூத்துப்போச்சு என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். சிப்பித்துறையில், தொபியாஸ் முதலாளியின் 'விண்ணரசி' தோணி மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பாமல் போன பிறகு, அதில் போனவர்களுடைய மனைவிமாரின் இமைகளில் முதலில் மாவு தூவியதுபோல ஒரு வெண்மை படிந்தது; பிறகு அது பழைய ஊறுகாயின் மேல் படர்வதைப்போல மெல்லிய பூசணமாக மயிர் விட்டது; அதற்கும் பிறகு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது, இமையோரங்களில் குண்டூசித் தலை அளவில் குடை குடையாகக் காளான்கள் பூத்தன. வலி இல்லை. பார்வையும் போகவில்லை, எல்லாம் பால் கலந்த தண்ணீருக்குள் கிடப்பதுபோலத் தெரிந்தது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் பஞ்சை வைத்துத் துடைத்து எடுத்தார்கள், மறுநாள் விடிந்தபோது மறுபடி பூத்திருந்தது. காத்திருப்பதை விட்டால் சரியாகிவிடும் என்று டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதாமல் வாயால் சொல்லி அனுப்பினார்.

அந்தக் கண்களோடுதான் அவர்கள் மீன் வாங்கினார்கள், பூசைக்குப் போனார்கள், ரேஷன் கடையில் வரிசையில் நின்றார்கள். பிள்ளைகள் அவர்களுடைய மடியில் ஏறிக் குடைகளை எண்ணி விளையாடின. டீக்கடையில் ஆண்கள், ஒன்பது பேர் கண்ணிலும் பறித்தால் ஒரு நேரத்துக் குழம்புக்கு ஆகும் என்றார்கள். எட்டு வயதுப் பெண் ஒருத்தி பள்ளிக்கூடத்தில் கண் படம் வரையச் சொன்னபோது, இமையில் காளானோடு வரைந்தாள். டீச்சர் அதற்கு முழு மதிப்பெண் போட்டாள்.

தோணிக்காரர் வீடுகளுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. ஆள் கடலேறிப் போனால், அவன் திரும்பி வரும்வரை தலைவாசலைக் கூட்டக் கூடாது. அவன் கடைசியாக மிதித்த மணல் அங்கேயே கிடக்க வேண்டும், அந்த மணலைப் பிடித்துக்கொண்டுதான் அவன் வீடு வந்து சேர்வான். இன்னொன்று, வராமல் போன தோணிக்காகக் கரையில் ஒருத்தியாவது காத்திருக்கும்வரை, அதன் முதலாளி புதுத் தோணியைக் கடலில் இறக்கக் கூடாது. இறக்கினால் அது சரக்குக்குப் போகாது, பழைய தோணியைத் தேடிக்கொண்டு அது போன இடத்துக்கே போய்விடும். வேறு எதை மீறினாலும் சிப்பித்துறைக்காரர்கள் இதை மட்டும் மீறியதில்லை.

ஆகவே தொபியாஸ் முதலாளி புதுத் தோணிக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரவழைத்த மரம் கரையிலேயே கிடந்தது. தோணியின் முதுகெலும்பாக அடியில் ஓடுகிற ஏராக்கட்டைக்கு அத்தனை நீளத்தில் ஒரே மரம் இந்தப் பக்கத்துக் காடுகளில் கிடைக்காது என்று சொல்லித்தான் அவர் அதை வரவழைத்தார். மரம் மழையில் நனைந்தது, வெயிலில் வெடித்தது, மறுபடி நனைந்தது, பழைய ரொட்டியைப்போல உடம்பெல்லாம் பூசணம் பூத்தது. தச்சர்கள் உளியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு உப்பளத்து வேலைக்குப் போனார்கள். சுமை தூக்குகிறவர்கள், பாய் தைக்கிறவர்கள், கயிறு முறுக்குகிறவர்கள் என்று அந்த ஒரு தோணியை நம்பியிருந்த தெரு முழுக்க, மதியத்தில் உலை கொதிக்கிற சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

அந்த மரத்துக்குள்ளிருந்துதான் வண்டுகள் வந்தன. மாதுளை முத்து அளவு, கறுப்பு, முதுகில் ஆரஞ்சு நிறத்தில் நான்கு பொட்டுகள். விரலால் தொட்டால் கால்களை மடக்கிக்கொண்டு செத்ததுபோலக் கிடக்கும், முழங்கால்களிலிருந்து மஞ்சளாக ஒரு கசப்பு நீர் கசியும். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிற ஒரு அம்மா கண்ணாடிப் புட்டியோடு வந்து பார்த்துவிட்டு, ஆப்பிரிக்காவின் ஈரக்காடுகளில் விழுந்த மரங்களின் மேல் இது வாழ்கிறது, பூசணத்தைத் தவிர வேறு எதையும் தின்னாது, மரத்துக்கும் மனிதருக்கும் தீங்கில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கப்பலில் வந்ததால் ஊர் அதற்குக் கப்பல்வண்டு என்று பெயர் வைத்தது. மரத்தின் பூசணத்தைத் தின்று முடித்து அதை வழுவழுவென்று ஆக்கிய பிறகு வண்டுகளுக்குப் பசித்தது.

காத்திருந்த ஒன்பது பேரில் முதலில் பூசணம் போனது பிரகாசிக்கு. கருவாடு காயப்போட்ட களைப்பில் அவள் அந்த மரத்தில் சாய்ந்தபடி கண்ணயர்ந்துவிட்டாள். எழுந்தபோது அவளுடைய கண்கள் கழுவித் துடைத்த கண்ணாடித் தம்ளர்போல இருந்தன, கன்னத்தில் ஒரு வண்டு வயிறு நிறைந்து நகர முடியாமல் உட்கார்ந்திருந்தது. பிரகாசி வீட்டுக்குப் போனாள். கொடியில் கிடந்த ஆண் சட்டையைப் பார்த்து, இது யாருடையது என்று பக்கத்து வீட்டில் கேட்டாள். ஒருவரும் தங்களுடையது என்று சொல்லாததால் பாத்திரக்காரனிடம் போட்டு ஒரு வாளி வாங்கினாள். தலைவாசலைக் கூட்டினாள். அன்று அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள், மறுநாள் சிரித்தாள், ஒரு வாரத்தில் கன்னத்தில் சதை வைத்தது. அவளைப் பார்க்கப் பார்க்க, காத்திருந்த மற்றவர்களுக்குத் தங்கள் கண்கள் முதல் தடவையாக அரித்தன.

ஒருத்தி பின்னால் ஒருத்தியாக மற்றவர்களும் அந்த மரத்தில் சாயப் போனார்கள். ஒருத்தி பிள்ளைகளுக்காகப் போனாள், ஒருத்தி தூக்கத்துக்காக, ஒருத்தி மாமியார் திட்டியதால். பங்குச்சாமியாரிடம் இது பாவமா என்று கேட்டார்கள். அவர் இரண்டு ஞாயிறு யோசித்துவிட்டு, பூச்சியும் ஆண்டவர் படைத்ததுதான், அது தின்பதும் அவர் வைத்த உணவுதான் என்று பிரசங்கத்தில் சொன்னார். கல்லறைத் திருநாளில் சடலம் கிடைக்காதவர்களுக்காகக் கடலோரச் சிலுவையடியில் மெழுகுவர்த்தி கொளுத்துவது வழக்கம். அந்த வருடம் சிலுவையடி இருட்டாக இருந்தது. அந்தப் பெண்கள் வந்தார்கள், பொரிகடலை வாங்கித் தின்றார்கள், போனார்கள். அவர்களுக்குச் செத்தவர்களும் இல்லை, வரவேண்டியவர்களும் இல்லை.

மிஞ்சியது சலேத்தம்மாள் ஒருத்தி.

அவளுடைய புருசன் எஸ்தாக்கி 'விண்ணரசி'யில் பாய் பிடிக்கிறவனாகப் போனவன். அவன் போன நாளிலிருந்து அவள் தலைவாசலைக் கூட்டவில்லை. கடற்காற்று கொண்டுவந்த மணல் நாளுக்கு நாள் ஏறி, முழங்கால் உயரத்துக்கு மேடாகிக் கதவைச் சாத்த முடியாமல் செய்துவிட்டது. அவள் அந்த மேட்டின் மேல் ஏறி இறங்கித்தான் வீட்டுக்குள் போய்வந்தாள். இமைக் காளான்கள் அவளுக்கு நெற்றிவரை ஏறியிருந்தன. எதிர்வீடு தொபியாஸ் முதலாளியுடையது. அவர் ஒரு காலையில் தெருவைத் தாண்டி வந்து மணல்மேட்டுக்கு வெளியே நின்றார்.

"சலேத்து, ஒன் ஒருத்தி கண்ணுக்காவ இந்தத் தெரு முழுசும் வயித்தக் கட்டிக்கிட்டுக் கெடக்கு."

"நான் யாரு வயித்தையும் கட்டலையே முதலாளி. நான் சும்மாத்தான் இருக்கேன். கண்ணு அதுபாட்டுக்குப் பூக்குது."

"எஸ்தாக்கி செத்துட்டாம்மா."

"அப்ப ஒங்க தோணிய எறக்குங்க. செத்தவங்களத் தேடி அது எங்க போவும்?"

முதலாளி திரும்பிப் போகும்போது தன் வீட்டு நடையிலேயே கால் இடறினார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அதன்பிறகு தெரு தன் வேலையைத் தொடங்கியது. யாரும் அவளை அடிக்கவில்லை, யாரும் அவளை ஏசவுமில்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் தண்ணீர் நின்றுவிட்டது என்றார்கள். கடையில் அவள் கேட்பது மட்டும் தீர்ந்துபோயிருந்தது. அவள் முறுக்கிய கயிறு அறுந்துபோகிறது என்று யாரோ சொல்ல, அவளிடம் கயிறு கொடுப்பதை நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவை தாமாகவே அவளுடைய வாசலில் வந்து நின்று, செத்த மீன்களின் கண்களைத் தோண்டி அந்த மணல்மேட்டில் வரிசையாக நட்டுவிட்டுப் போயின. கடைசியில் பிரகாசி ஒரு பொடி டப்பாவில் வண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு கும்பா கஞ்சியும் இருந்தது. நல்ல மனதோடுதான் வந்தாள்.

"ஏட்டி, எறும்பு ஊருன மாதிரிதான் இருக்கும். பெறவு ஒனக்கு ஒண்ணுமே இருக்காது."

சலேத்தம்மாள் அவளுடைய தெளிந்த கண்களைப் பார்த்தாள். "ஒம் புருசன் பேரச் சொல்லு, நான் கண்ணக் காட்டுதேன்."

பிரகாசி யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "எனக்குத்தான் இன்னும் கல்யாணமே ஆகலியே." அவளுடைய கழுத்தில் தாலி கிடந்தது. சலேத்தம்மாள் அதை விரலால் சுட்டியபோது, எடுத்துப் பார்த்து, இது எங்கம்மாவுடையதாக இருக்கும் என்றாள். கஞ்சியை வைத்துவிட்டுப் போனாள். சலேத்தம்மாள் அதைக் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு தெருக்காரர்கள் அவள் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல வெயில், எல்லோரும் கோயில் உடுப்பில் இருந்தார்கள், சில பெண்களுடைய தலையில் முக்காடு இன்னும் இறங்கவில்லை. முதலாளியின் மகன் கஸ்பார்தான் மணல்மேட்டின் மேல் ஏறி முதலில் உள்ளே போனான். புதுத் தோணிக்கு அவன்தான் தண்டல்; தோணியைக் கொண்டுசெலுத்தி ஆட்களைத் திருப்பிக் கொண்டுவருகிற பொறுப்பு தண்டலுடையது. பாய் எந்தக் காற்றுக்கு எப்படித் திரும்பும் என்பதைச் சிறுவயதில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் எஸ்தாக்கி. அதனால் அவனே அவளுடைய கைகளைப் பிடித்துக்கொண்டால் அவளுக்கு அவ்வளவாக வருத்தம் இருக்காது என்று பேசி முடிவு செய்திருந்தார்கள்.

"ஒரு நிமிசந்தான் மைனி," என்றான் கஸ்பார்.

அவள் உதறவில்லை. இத்தனை பேரை உதற முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "கஸ்பாரு, அவுக பேர நீ வச்சுக்கோ," என்றாள். "எஸ்தாக்கி. நீயாவது வச்சுக்கோ."

பிரகாசி டப்பாவைத் திறந்தாள். நெற்றிவரை ஏறிய பூசணம் என்பதால் ஒரு வண்டு போதவில்லை, நான்கைந்தை விட்டார்கள். அவை கருங்கல்லில் நடக்கிற எருமைகளைப்போல அவசரமில்லாமல் அவளுடைய முகத்தில் மேய்ந்தன. சலேத்தம்மாள் கண்களை மூடிக்கொண்டு, ஜெபமாலை சொல்கிறவளைப்போல, அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எஸ்தாக்கி, எஸ்தாக்கி, எஸ்தாக்கி. ஒரு குடை தின்னப்பட்டது. எஸ்தாக்கி, எஸ்தாக்கி. இன்னொன்று. நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். எஸ்தா, எஸ்தா. யாரோ இருமினார்கள். எஸ். பிறகு உதடுகள் மட்டும் அசைந்தன, பிறகு அவையும் நின்றன.

அவள் கண்களைத் திறந்தாள். "என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தேன், விட்டுப்போச்சு," என்று கூச்சத்தோடு சிரித்தாள். வீட்டில் இத்தனை பேர் நிற்பதைப் பார்த்துவிட்டு எல்லோரையும் உட்காரச் சொன்னாள். பிறகு வாசலைப் பார்த்து, "இம்புட்டு மண்ணு கெடக்கு, ஒருத்தரும் கூட்டலியே," என்று விளக்குமாற்றை எடுத்தாள். பெண்கள் கூடமாட உதவினார்கள். மேடு கரையக் கரைய, மீன்கண்கள் உருண்டன, காய்ந்த மணல் போயிற்று, கடைசியில் அடித்தரையில், இத்தனை காலமும் ஈரம் காயாமல், ஒரு வலது காலின் ஐந்து விரல்களும் குதிகாலும் தெளிவாகப் பதிந்த தடம் இருந்தது. கஸ்பார் அதைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல அவன் வாயைத் திறப்பதற்குள் விளக்குமாறு அதன்மேல் இரண்டு தரம் போய் வந்துவிட்டது.

தச்சர்கள் வந்தார்கள். உளிச் சத்தமும் கயிறு முறுக்குகிற சத்தமும் உலை கொதிக்கிற சத்தமும் தெருவுக்குத் திரும்பின. 'சமுத்திரத் தாரகை' என்று பெயர் வைத்த புதுத் தோணியை, ஆப்பிரிக்க மரத்தின் மேல் எழுப்பி, மந்திரித்த தண்ணீர் தெளித்துக் கடலில் இறக்கினார்கள். அது சரக்கை ஏற்றிக்கொண்டு, கஸ்பாரையும் அவனுடைய ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, சொன்ன திசையில் சொன்னபடி போயிற்று. கரையில் அவனுடைய மனைவி ரொசாலி தோணி மறையும்வரை நின்றாள். பிறகு வீட்டுக்குப் போய், விளக்குமாற்றைத் தலைவாசலிலிருந்து எட்டத்தில் கொண்டு வைத்தாள்.

வண்டுகளை யாரும் நினைக்கவில்லை. அவற்றுக்கு மரமும் இல்லை, பழைய கண்களும் இல்லை. ஆனால் மாவு தூவியதுபோலப் புதிதாக ஒரு வெண்மை தெருவில், புதுத் தோணியில் ஆள் போன ஏழெட்டு வீட்டுப் பெண்களின் இமைகளில் விழுந்திருந்தது. பசியில் அவை அது காளானாகிற வரைக்கும் பொறுக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் ஒரு வீட்டில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது, அடுத்து அதற்கடுத்த வீட்டில், பிறகு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சரக் சரக்கென்று கேட்டது. ரொசாலி மிகச் சுத்தமாகக் கூட்டினாள், தண்ணீர் தெளித்துக் கோலமும் போட்டாள்.

ஊருக்கு அது பழகிப்போயிற்று. பொடி டப்பா இல்லாத வீடு இல்லை என்று ஆயிற்று. பல் தேய்த்த பிறகு இமையில் ஒரு தடவை வண்டை விட்டு எடுப்பது முகம் கழுவுவதுபோல ஒரு வேலை. பஸ் நிறுத்தத்தில் யாரும் நிற்பதில்லை, நடந்து போனார்கள், அல்லது எங்கே போக வந்தோம் என்பதை மறந்து வீடு திரும்பினார்கள். நிச்சயம் ஆன பெண்கள் மாப்பிள்ளை ஊர் எது என்று கேட்டார்கள். பரீட்சை முடிவு வந்த நாளில் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையும் இல்லை. பள்ளிக்கூட வாசலில் அம்மா வரத் தாமதமான ஒரு சிறுமி, அந்தக் கண் படம் வரைந்த பெண்தான், அம்மா வந்து கையைப் பிடித்தபோது ஊரைக் கூட்டி அழுதாள். எனக்கு இந்தப் பொம்பளையைத் தெரியாது என்றாள். அம்மா டப்பாவைத் திறந்து, மகள் தன்னைத் தெரிந்துகொள்வாள் என்ற எதிர்பார்ப்பையும் துடைத்துவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போனாள். தொபியாஸ் முதலாளி மட்டும் கொஞ்ச காலம் இமையில் வெண்மையோடு, கடலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அசிங்கமாக இருக்கிறது, துடையுங்கள் என்று மருமகள் சொன்னாள். ஊருக்கே சொன்னவர் அவர், துடைத்துக்கொண்டார்.

'சமுத்திரத் தாரகை' வருவதாகச் சொன்ன மாதத்தில், வருவதாகச் சொன்ன சரக்கோடு, பாயில் ஒரு கிழிசலும் இல்லாமல் துறைக்கு வந்தது.

ஆட்கள் அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள். ரொசாலி கதவைத் திறந்து, கஸ்பாரைப் பார்த்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு, "யாரப் பாக்கணும்ணே?" என்றாள். அவன் அவளுடைய பெயரைச் சொன்னான். அயலான் வாயில் தன் பெயர் வந்ததும் அவளுடைய முகம் சுருங்கிற்று, மாமாவைக் கூப்பிட்டாள்.

"எந்த ஊரு தோணிவே அது?" என்றார் தொபியாஸ் முதலாளி. "நம்ம துறையில கெட்டுறதுன்னா ஒரு வார்த்த கேட்டுட்டுக் கெட்டணும்."

"நம்ம தோணிப்பா. நாந்தான், கஸ்பாரு."

"எனக்குப் புள்ள இருந்தா நான் ஏன்வே தனியா உக்காந்திருக்கேன்," என்றார் அவர், கோபமில்லாமல். தாகமாக இருந்தால் குழாயில் தண்ணீர் குடித்துக்கொள்ளச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

சாயங்காலத்துக்குள் மற்ற ஆட்கள் தோணிக்குத் திரும்பிவிட்டார்கள். சரக்கை இறக்கவும் யாரும் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. கிளம்பலாம் தண்டலே என்று கூப்பிட்டார்கள். கஸ்பார் மாட்டேன் என்றான். பெற்றவருக்கு எத்தனை நாள் தெரியாமல் இருக்கும், எங்கப்பா கண்டுகொள்வார், நான் இங்கேயே இருக்கிறேன் என்றான். அவர்கள் பாயை விரித்துக்கொண்டு போனார்கள். எந்த ஊருக்கு என்று கரையில் நின்றவர்கள் கேட்கவில்லை.

அவன் எதிர்வீட்டு வாசலில், தன் வீட்டுக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தான். அது சலேத்தம்மாளுடைய வாசல். அவள் இப்போது கன்னத்தில் சதை வைத்து நன்றாக இருந்தாள். பசித்த முகம் என்று பார்த்ததும் தெரிந்து கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து கொடுத்தாள், மறுநாளும் கொடுத்தாள், அதற்கு மறுநாளும். ஒவ்வொரு தடவை எதிர்க்கதவு திறக்கும்போதும் கஸ்பார் பாதி எழுந்தான், சாத்தும்போது உட்கார்ந்தான்.

"மைனி," என்றான் ஒரு மத்தியானம். "ஒங்க புருசன் பேரு எஸ்தாக்கி. பாய் பிடிக்கிறவுக. ஒங்க கைய நாந்தான் பிடிச்சிருந்தேன். பேர வச்சுக்கோன்னிய, வச்சிருக்கேன். எஸ்தாக்கி."

அவள் கும்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்ல பேரு," என்றாள். "ஒங்க சொந்தக்காரகளா?"

கஸ்பார் அழவில்லை. எதிர்க்கதவையே பார்த்தான். அப்போதுதான் அவள் குனிந்து அவனுடைய முகத்தைக் கவனித்தாள். ஊரில் எந்தக் கண்ணிலும் அவள் பார்த்திராத அளவுக்கு, இமைகளில், புருவத்தில், நெற்றியோரத்தில், குடை குடையாகப் பூத்திருந்தது. மணலிலும் சுவரிலும், தெருவின் எல்லாத் திசைகளிலிருந்தும், பட்டினி கிடந்த வண்டுகள் அவனை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தன.

"ஐயையோ, கண்ணு பூத்துப்போச்சே தம்பி," என்றாள் சலேத்தம்மாள். பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோல அவனுடைய தலையைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்தாள். "அசையாதிய. ஒரு நிமிசந்தான்."

அவனுக்கு அந்தச் சொல் ஞாபகம் வந்தது. அவளுடைய கையைத் தட்டிவிடக் கையைத் தூக்கினான்; தூக்கிய கை அவளுடைய மணிக்கட்டைத் தொட்டதும் அப்படியே நின்றுவிட்டது. எஸ்தாக்கி என்றான். தொபியாஸ் என்றான். ரொசாலி என்றான். மூன்றையும் மாற்றி மாற்றிச் சொன்னான், ஒன்றை விட்டால் அது போய்விடும் என்பதுபோல வேகமாகச் சொன்னான். வண்டுகள் மேய்ந்தன. முதலில் ஒரு பெயர் போயிற்று, பிறகு இன்னொன்று. எஸ்தாக்கி என்பது கடைசிவரை இருந்தது, பிறகு அதுவும், அந்தத் தெருவில் அதைச் சொல்லிக்கொண்டிருந்த கடைசி வாயிலிருந்து போயிற்று.

அவன் கண்களைத் திறந்து தெளிவாகப் பார்த்தான். எந்த ஊர் தம்பி என்று அவள் கேட்டாள். அவன் யோசித்தான், சிரித்தான், தெரியவில்லை என்றான். பஸ் போகிற ரோடு எது என்று அவள் காட்டினாள். அவன் கும்பிட்டுவிட்டு நடந்தான். எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்த வயசாளி, வழிப்போக்கருக்குச் செய்வதுபோலத் தலையசைத்தார், அவனும் அசைத்தான்.

சலேத்தம்மாள் விளக்குமாற்றை எடுத்து, அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் கிடந்த மணலைக் கூட்டித் தெருவில் தள்ளினாள்.